மீண்டும் கணினி கற்கப் புகுவோர்

பன்னிரண்டாம் வகுப்போடு கல்வியை விடுத்துத் தருமபுரியினின்று ஓசூருக்கும் பெங்களூருக்கும் பிழைப்பு நாடிச் செல்வோர் பலர். ஆண்டுகள் கழிந்தபின் கணினிக் கல்வியை விழையும் அன்னார்க்கு, சென்னை ஐ.ஐ.டி. 2020ஆம் ஆண்டில் தொடங்கிய, நிரலெழுதலும் தரவியலும் கற்பிக்கும் இளநிலைப் படிப்பு ஒரு வாயிலாகும். வயது வரம்பு இதற்கில்லை. பாடங்களை இணைய வழியே இல்லத்திருந்து கேட்கலாம். தேர்வெழுதவே நேரிற் செல்லல் வேண்டும்.

முதற்கண் கணிதம், புள்ளியியல், ஆங்கிலம், கணிப்புச் சிந்தனை என்னும் நான்கனையும் நான்கு வாரம் பயின்று, தகுதித் தேர்வில் தேறல் வேண்டும். அஞ்சத்தக்கது கணிதமே, சார்பும் வரைபடமும் பலர்க்கு மறந்தேயிருக்கும். கணிப்புச் சிந்தனையோ, கடைச் சிட்டைகளையும் மதிப்பெண் சீட்டுகளையும் ஒவ்வொன்றாய்ப் புரட்டி, எண்ணிக் கூட்டும் முறையினின்று தொடங்குகின்றது. கடையிற் கணக்கெழுதிப் பழகியவர் இதில் இளைஞர்க்குப் பின்தங்கார் என்பது எம் துணிபு. இடையில் நிற்க நேரினும், முடித்த நிலைக்கேற்பச் சான்றிதழோ டிப்ளமாவோ கிட்டும்.