மகாநாட்டு மேடையும் பேசாப் பிள்ளைகளும்

மகாநாடுகளுக்கு நம் நாட்டில் பஞ்சமில்லை. பந்தல் எழும்பும், வரவேற்புரை நிகழும், தீர்மானங்கள் ஏகமனதாக நிறைவேறும், வந்தனோபசாரம் முடிந்து பிரதிநிதிகள் ரயிலேறியதும் யாவும் மறக்கப்படும். ஆதலின் ஒரு தொழில் நிபுணர் மகாநாட்டைப் பற்றி இப்பத்தியில் எழுதப் புகுவதற்கு நேயர்கள் காரணம் கேட்பது நியாயமே. நாம் சொல்லும் காரணம் ஒன்றுதான். சில மகாநாடுகளில் மேடையில் அமர்வோர் யார் என்பதைப் பொறுத்து, எங்கோ ஓர் ஊரில் பேச இயலாத ஒரு குழந்தைக்கு என்ன செய்யப்படும் என்பது தீர்மானமாகிறது. நடத்தைப் பகுப்பாய்வு என்னும் சாஸ்திரத்தாரின் மகாநாடுகள் அவ்வகையைச் சேர்ந்தவை.

இச்சாஸ்திரத்தின் அடிப்படை எளிது. ஒருவன் ஒரு காரியத்தைச் செய்யுமுன் நிகழ்ந்தது என்ன, செய்தபின் அவனுக்குக் கிட்டியது என்ன என்று பொறுமையுடன் குறித்து வந்தால், அக்காரியம் ஏன் திரும்பத் திரும்ப நிகழ்கிறது என்பது விளங்கும். காரைக்காலில் ஒரு மீனவர் வீட்டில், பேச்சு வராத ஏழு வயதுப் பிள்ளை தினந்தோறும் சோற்றுத் தட்டை வீசி எறிகிறது என்று வைத்துக்கொள்வோம். அண்டை வீட்டார் அதைப் பிடிவாதம் என்பர். பாட்டி காற்றுச் சேஷ்டை என்பாள். தகப்பன் கை ஓங்குவான். பகுப்பாய்வாளர் கேட்கும் கேள்வி வேறு: தட்டு விழுந்தவுடன் என்ன நடந்தது? இரைச்சல் மிகுந்த கூடத்திலிருந்து பிள்ளையைத் தூக்கித் திண்ணையில் கொண்டுபோய் உட்கார்த்தினார்கள். அப்படியாயின் அது துஷ்டத்தனமன்று. "என்னை வெளியே கொண்டு போங்கள்" என்னும் விண்ணப்பம். வாய் சொல்ல இயலாததைக் கை சொல்லிற்று. ஒரு படத்தைக் காட்டியோ, சைகை செய்தோ அதே விண்ணப்பத்தைத் தெரிவிக்கப் பிள்ளைக்குக் கற்பித்து, தெரிவிக்குந்தோறும் உடனே நிறைவேற்றி வந்தால், தட்டை எறிய வேண்டிய அவசியமே குறைந்துவிடும். 1985-ஆம் வருஷத்தில் கார், துராண்டு என்னும் இரண்டு அமெரிக்க ஆராய்ச்சியாளர் இம்முறையைப் பரிசோதித்து வெளியிட்டனர். இதில் அடிக்கு இடமில்லை என்பதை நேயர்கள் கவனிக்க வேண்டும்.

இச்சாஸ்திரத்தின் மூலபுருஷர் என்று கருதப்படும் பி. எப். ஸ்கின்னர் 1904-ல் பிறந்தவர். தண்டனையானது தீய நடத்தையைச் சிறிது காலம் அடக்கி வைக்குமேயன்றி, அதனிடத்தில் நல்லதொன்றைக் கற்பிக்காது என்பது அவர் நெடுங்காலம் வற்புறுத்தி வந்த கொள்கை. 1990 ஆகஸ்டு 10-ந் தேதி, கடும் நோயுற்றிருந்த நிலையிலும், பாஸ்டன் நகரில் கூடிய அமெரிக்க மனோதத்துவச் சங்க மகாநாட்டில் அவர் பிரசங்கம் செய்தார். எட்டாம் நாள் காலமானார். அவர் வழி வந்தோர் 1974-ல் தமக்கெனத் தனிச் சங்கம் ஒன்று கண்டு, அதுமுதல் மகாநாடுகள் கூட்டி வருகின்றனர். அது இன்று சர்வதேசச் சங்கமாக விளங்குகிறது.

ஆனால், ஆசிரியர் உபதேசம் ஒன்று, சிஷ்யர் அனுஷ்டானம் வேறொன்று என்பது எல்லாச் சமயங்களிலும் காண்பதே. சாஸ்திரமும் அதற்கு விலக்கன்று. கலிபோர்னியாவில் ஈவார் லோவாஸ் என்பவர் ஆட்டிசம் உற்ற குழந்தைகளுக்கு இம்முறையால் பேச்சும் பழக்கமும் கற்பிக்க முற்பட்டார். எந்தக் கல்வியும் ஏறாது என்று வைத்தியர்கள் கைவிட்ட குழந்தைகள் அவர்கள். அம்முயற்சி பாராட்டத்தக்கதே. ஆயினும் அங்கே கன்னத்தில் அறைதலும் மின்அதிர்ச்சியும் கையாளப்பட்டதை 1965-ல் 'லைப்' பத்திரிகை படங்களுடன் பிரசுரித்தது. 1987-ல் லோவாஸ் வெளியிட்ட புகழ்பெற்ற ஆராய்ச்சியில், வாரத்துக்கு 40 மணி நேரத்துக்கு மேல் பயிற்சி பெற்ற 19 குழந்தைகளில் 9 பேர் மற்றப் பிள்ளைகளைப் போலவே பள்ளியில் தேறினர் என்று கண்டிருந்தது. உலகெங்கும் பெற்றோர் உள்ளத்தில் நம்பிக்கை பிறந்தது. குழந்தைகளை இரு கூறாக்கிய விதம் சரியன்று என்ற ஆட்சேபமும் உடன் பிறந்தது.

இனி மேடை விஷயத்துக்கு வருவோம். அமெரிக்காவில் மாசசூஸெட்ஸ் மாநிலத்துக் காண்டன் நகரில் ஜட்ஜ் ரோட்டன்பர்க் கேந்திரம் என்றொரு ஸ்தாபனம் உண்டு. ஸ்கின்னரின் மாணவர் ஒருவரே அதை 1971-ல் ஆரம்பித்தார். அங்கே சில மாணவரின் உடம்பில் கருவி ஒன்றைப் பூட்டி, வேண்டாத காரியம் செய்யும்போது தூரத்திலிருந்தே விசை அழுத்தி மின்அதிர்ச்சி கொடுத்து வந்தார்கள். ஐக்கிய நாடுகள் ஸ்தாபனத்தின் சித்திரவதை பற்றிய விசேஷ அறிக்கையாளர் 2013-ல் இதைக் கண்டித்தார். அமெரிக்க சர்க்காரின் உணவு மருந்து நிர்வாகம் 2020-ல் இதைத் தடுத்தது. ஒரு கருவியைத் தடுக்கலாமேயன்றி அதன் ஒரு பிரயோகத்தை மட்டும் தடுக்க அதிகாரமில்லை என்ற சட்ட நுணுக்கத்தின் பேரில் 2021-ல் நீதிமன்றம் அத்தடையை ரத்துச் செய்தது. 2022 டிசம்பரில் காங்கிரஸ் சபை சட்டத்தையே திருத்தி அதிகாரம் வழங்கியது. 2024-ல் தடை மறுபடியும் பிரேரேபிக்கப்பட்டது.

இவ்வளவு நடக்கையில், அந்த ஸ்தாபனத்தார் சர்வதேசச் சங்க மகாநாட்டில் பேசுவதற்கு இடம்பெற்று வந்தனர். இங்கேதான் தகராறு மூண்டது. எந்தக் கருத்துக்கும் காது கொடுப்பது சாஸ்திர தர்மம் என்றனர் ஒரு சாரார். மேடை தருவதே கௌரவம் தருவதாகும் என்றனர் மறு சாரார். அதிர்ச்சி வாங்கியவர்களும் அவர்களுடன் சேர்ந்து குரல் எழுப்பினர். முடிவில் 2022-ல் சங்கம் அங்கத்தினரின் வாக்கைக் கோரியது. எந்த நிலைமையிலும் அத்தகைய மின்அதிர்ச்சி கூடாது என்பதே சங்கத்தின் கொள்கையாக நிலைபெற்றது. அரை நூற்றாண்டு தாமதித்து வந்த தீர்ப்புத்தான். எனினும் ஒரு தொழிலார் தம்மைத் தாமே விசாரித்து அளித்த தீர்ப்பாதலால் அதை நாம் மதிக்கிறோம்.

அயல்நாட்டைப் பழித்து மார்தட்ட நமக்கு இடமில்லை. 2001 ஆகஸ்டு 6-ந் தேதி, இராமநாதபுரம் ஜில்லா ஏர்வாடியில், கொட்டகையில் சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்த மனநோயாளர் 28 பேர் தீக்கிரையானதை இந்நாடு மறந்திருக்க முடியாது. அவர்களுடைய நோய் வேறு, நாம் பேசும் குழந்தைகளின் குறை வேறு. ஆனால் புரியாத நடத்தையைக் கட்டிப் போடுவதே வழி என்னும் எண்ணம் இரண்டிடத்தும் ஒன்றே.

காரைக்காலுக்கு இதில் தனிச் சம்பந்தம் உண்டு. 1739 முதல் பிரெஞ்சுக்காரர் வசமிருந்து 1954 நவம்பர் 1-ந் தேதி இந்தியாவுடன் சேர்ந்த ஊர் அது. அந்தப் பிரான்சு தேசத்திலேயே ஆட்டிசம் உற்ற பிள்ளைகள் நெடுங்காலம் மனோபகுப்பு வைத்தியர் வசம் விடப்பட்டனர். தாயின் அன்புக் குறைவே நோய்க்குக் காரணம் என்னும் பழியையும் பெற்றவள் சுமந்தாள். அக்குழந்தைகளுக்குப் போதிய கல்வி வசதி செய்யவில்லை என்று 2003-ல் ஐரோப்பிய சமூக உரிமைக் குழு பிரெஞ்சு சர்க்காரைக் குற்றவாளியாகக் கண்டது. பெற்றோர் விடாது போராடினர். 2012-ல் பிரெஞ்சு சுகாதார உயர் அதிகார சபை, நடத்தை முறையையும் அதனையொத்த கல்வி முறைகளையும் சிபார்சு செய்தது. 2017-ல் சர்வதேசச் சங்கத்தின் மகாநாடே பாரிஸில் கூடியது. பாரிஸில் பெற்றோர் போராடிப் பெற்றது, பிரெஞ்சுக் கொடி பறந்த நம் கடற்கரைக்கு எப்போது வரும்? சுற்றிலும் தமிழ்நாடு, ஆளும் சர்க்காரோ புதுச்சேரியில், முட்டுக்காட்டில் உள்ள பல்வகை ஊனமுற்றோருக்கான தேசிய ஸ்தாபனமோ சென்னையின் அருகில். ஒரு வார காலப் பயிற்சிக்காகப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு அவ்வளவு தூரம் செல்லும் கூலிக்காரத் தாய் ஒரு வாரக் கூலியை இழக்கிறாள்.

சட்டம் நம்மிடம் இல்லாமலில்லை. 2009-ஆம் வருஷத்துக் கல்வி உரிமைச் சட்டத்தின் 17-வது பிரிவு பள்ளியில் அடியையும் மன உபத்திரவத்தையும் விலக்குகிறது. 2016-ஆம் வருஷத்து ஊனமுற்றோர் உரிமைச் சட்டம் ஆட்டிசத்தைப் பெயர் சொல்லி ஏற்கிறது. அதன் 6-வது பிரிவு சித்திரவதையினின்றும் கொடிய நடத்துதலினின்றும் அவர்களைக் காக்கும் கடமையைச் சர்க்கார்மீது சுமத்துகிறது. 2021-ல் நிறைவேறிய துணை மருத்துவத் தொழிலாளர் கமிஷன் சட்டத்தின் அட்டவணையில் நடத்தைப் பகுப்பாய்வாளர் என்னும் தொழிலும் இடம்பெற்றிருக்கிறது. அட்டவணையில் பெயர் ஏறியது முதற்படி. கல்வித் தரம், பதிவு, தவறிழைப்பவரை விசாரிக்கும் அதிகாரம் ஆகியவை நடைமுறையில் வந்தாலன்றி, பெயர்ப் பலகை மாட்டியவரெல்லாம் நிபுணராகி விடுவர்.

இது அவசரமான காரியம் என்பதற்கு மற்றொரு காரணமும் உண்டு. இந்தியாவில் இத்தொழில் புரிவோரில் பலர் அமெரிக்க அத்தாட்சிச் சபை ஒன்றின் பட்டத்தையே நம்பியிருந்தனர். அச்சபை 2019-ல் அறிவித்தபடி, 2023 ஜனவரி முதல் இந்தியா முதலிய தேசத்தாரின் புதிய விண்ணப்பங்களை ஏற்பதில்லை. இதில் கோபிக்க ஒன்றுமில்லை. அவரவர் வீட்டுக் கதவை அவரவர் சாத்தலாம். நம் வீட்டுக்கு நாம் வாயில் அமைக்காதிருந்ததுதான் விசாரம். செகந்திராபாத்திலுள்ள தேசிய ஸ்தாபனத்தின் சார்பில் ரீட்டா பெஷாவரியா, வெங்கடேசன் ஆகிய இருவர் 1992-லேயே இந்திய ஆசிரியர்களுக்கென நடத்தை முறைக் கைநூல் ஒன்று எழுதியளித்தனர். ஆகவே நம்மால் இயலாதது அன்று. தொடர்ந்து செய்யாததே குறை.

நம் நாட்டில் இத்தகைய மகாநாடு கூட்டுவோருக்கு நாம் சொல்ல விரும்புவது இதுவே. கடல் கடந்து வரும் பண்டிதரை வரவேற்று அவர் கற்றதைக் கற்றுக்கொள்க. அவரருகே, தமிழில் பாடம் நடத்தும் விசேஷப் பள்ளி ஆசிரியைக்கும் ஓர் ஆசனம் இடுக. பெற்றோருக்கு ஓர் ஆசனம் இடுக. யாருக்காக இவ்வளவும் நடக்கிறதோ அவர்களுக்கும் ஓர் ஆசனம் இடுக. 2004-ல் கனடா தேசத்து உச்ச நீதிமன்றத்தில், இப்பயிற்சிக்கான செலவைச் சர்க்கார் ஏற்க வேண்டும் என்று பெற்றோர் தொடுத்த ஆட்டன் வழக்கு விசாரணைக்கு வந்தது. ஆட்டிசம் உற்ற மிஷல் டாஸன் என்னும் மாது அதில் தாமே தலையிட்டு, எங்களைப் பற்றி எங்களைக் கேளாமல் பேசுகிறீர்கள் என்னும் கருத்துப்படத் தம் வாதத்தை முன்வைத்தார். வழக்கில் பெற்றோர் தோற்றனர். பணம் வேண்டும் என்ற பெற்றோரின் முறையீடும் நியாயம். எம்மைக் கேளுங்கள் என்ற அவர் முறையீடும் நியாயம். இரண்டையும் ஒரே மேடையில் கேட்பதற்குத்தான் மகாநாடு என்று பெயர்.

தேச சேவையில் ஈடுபட்டோர் இதை வைத்தியர் விவகாரம் என்று ஒதுக்கலாகாது. வாக்குரிமைக்காகவும் பேச்சுரிமைக்காகவும் பாடுபட்ட ஜனங்கள் நாம். தட்டை வீசி எறிந்துதான் தன் விண்ணப்பத்தைத் தெரிவிக்க முடிகிற பிரஜையும் ஒரு பிரஜையே. புதுச்சேரி சட்டசபையில் காரைக்காலுக்காகப் பேசும் அங்கத்தினர்கள், இவ்வூரிலேயே பயிற்சி பெற்ற ஆசிரியர்கள் எத்தனை பேர், 2021-ஆம் வருஷத்துச் சட்டத்தின்படி பதிவு எந்த மட்டில் நிற்கிறது என்று இரண்டே கேள்விகள் கேட்கட்டும். அதற்கு விடை வரும்வரை நேயர்கள் அவர்களை விடாது கேட்கட்டும்.