குப்பையை ஊட்டி ஓட்டையைத் தேடும் இயந்திரம்

காமயகவுண்டன்பட்டியில் பன்னீர் திராட்சை போட்டிருக்கும் வாசகர் ஒருவர் எழுதியிருக்கிறார்: "போன் வாங்கினதிலிருந்து மாதாமாதம் அப்டேட் கேட்கிறது. ஒரே தடவையில் ஒழுங்காகச் செய்து கொடுக்க மாட்டார்களா?"

மாட்டார்கள் என்பதல்ல, முடியாது. ஒரு போனுக்குள் ஓடுகிற மென்பொருள் கோடிக்கணக்கான வரிகளால் ஆனது. எங்கோ ஒரு வரி, எழுதியவர் எதிர்பார்க்காத ஏதாவது உள்ளே வந்தால் தடுமாறும். அந்தத் தடுமாற்றம்தான் ஹேக்கர் நுழையும் ஓட்டை. அவர் கண்ணில் படுவதற்கு முன் நாம் அதைப் பார்த்தாக வேண்டும். அத்தனை வரியையும் மனிதர் உட்கார்ந்து படித்து முடிக்க இயலாது என்பதால் தேடும் வேலையை இயந்திரத்திடம் விட்டிருக்கிறார்கள். அது தேடுகிற விதம் எனக்கு எத்தனை முறை படித்தாலும் அலுக்காதது.

1988-இல் ஒரு புயல் மழை இரவு. அமெரிக்காவின் விஸ்கான்சின் பல்கலைக்கழகப் பேராசிரியர் பார்டன் மில்லர், வீட்டிலிருந்தபடி தொலைபேசிக் கம்பி வழியாகப் பல்கலைக்கழகக் கம்ப்யூட்டரில் வேலை செய்துகொண்டிருந்தார். மழையால் கம்பியில் இரைச்சல் ஏறி, அவர் தட்டாத எழுத்தெல்லாம் நடுவில் புகுந்தன. கட்டளை பிசகியது அவருக்கு ஆச்சரியமில்லை. எல்லோரும் அன்றாடம் பயன்படுத்தும் நிரல்கள் அந்தக் குப்பையைத் தாங்காமல் நின்றுபோனதுதான் ஆச்சரியம். அதையே மாணவர்களுக்கு வேலையாகக் கொடுத்தார்: தாறுமாறான எழுத்துகளைத் தயாரித்து, யுனிக்ஸ் என்ற இயங்குதளத்தின் நிரல்களுக்கு ஊட்டிப் பாருங்கள். எந்த வகை யுனிக்ஸாக இருந்தாலும் சோதித்த நிரல்களில் கால் பங்கு முதல் மூன்றில் ஒரு பங்கு வரை நொறுங்கின. 1990-இல் கட்டுரையாக வந்த அந்த முறைக்கு ஃபஸ்ஸிங் என்று பெயர்.

ஆனால் வெறும் குப்பை வெகுதூரம் போகாது. படம் திறக்கும் நிரல் முதலில் கோப்பின் ஆரம்பத்தைப் பார்க்கும். ஜேபெக் படமென்றால் முதல் பைட் 255, இரண்டாவது 216 என்று இருக்க வேண்டும். குருட்டாம்போக்கில் இரண்டும் சேர்ந்து அமைய 65,536-இல் ஒரு வாய்ப்பு. அதைத் தாண்டினால் அடுத்த சோதனை, அதற்குப் பின் இன்னொன்று. 2013-இல் மிகாவ் ஜலெவ்ஸ்கி எழுதிய ஏஎஃப்எல் என்ற கருவி இதற்கு வழி கண்டது. நிரல் எந்தக் கிளையில் திரும்புகிறது என்பதை அது உடனுக்குடன் கவனிக்கும். மாற்றிப் பார்த்த ஒரு பைட் நிரலைப் புதிய பாதையில் திருப்பினால் அந்தக் கோப்பைப் பத்திரப்படுத்தி, அதிலிருந்து மேலே மாற்றும். முதல் பைட்டுக்கு அதிகபட்சம் 256 மதிப்புகள், அது பிடிபட்டதும் இரண்டாவதுக்கு இன்னொரு 256. அறுபத்தையாயிரம் ஐந்நூற்றுச் சொச்சமாகச் சுருங்கிவிட்டது!

2014 நவம்பரில் ஜலெவ்ஸ்கி ஒரு சோதனையைப் பற்றி எழுதினார். 'ஹலோ' என்ற ஒரே சொல் கொண்ட கோப்பை ஏஎஃப்எல்லிடம் கொடுத்து, ஜேபெக் திறக்கும் நிரலுக்கு எதிராக ஓடவிட்டார். படம் என்றால் என்னவென்று கருவிக்குத் தெரியாது. யாரும் சொல்லவும் இல்லை. ஏறக்குறைய ஆறு மணி நேரத்தில் அது ஓர் உண்மையான ஜேபெக் படத்தை உருவாக்கியிருந்தது: 3 புள்ளி அகலம், 784 புள்ளி உயரம், வெறும் சாம்பல் நிறம். எதுவும் வரையப்படாத அந்தப் படத்தை நான் மிக உயர்வாக மதிக்கிறேன். நிரலைத் தட்டித் தட்டியே அதன் இலக்கணத்தை ஓர் இயந்திரம் கற்றுக்கொண்டதற்கு அது சாட்சி.

இணையத்தைத் தாங்கும் ஓபன்எஸ்எஸ்எல் என்ற இலவச மென்பொருளில் 2014-இல் 'ஹார்ட்பிளீட்' ஓட்டை வெளிவந்தபோது, அதைப் பராமரித்தவர்கள் விரல்விட்டு எண்ணத்தக்க சிலரே என்பதும் வெளிவந்தது. உலகமே சாய்ந்திருந்த தூணுக்குக் கூலி கொடுக்க ஆளில்லை. அதன் பிறகு, 2016-இல் கூகுள் தொடங்கிய ஓஎஸ்எஸ்-ஃபஸ் திட்டம் இத்தகைய பொது மென்பொருள்களை ஃபஸ்ஸிங் முறையில் இரவு பகலாகச் சோதிக்கிறது. 2023-க்குள் 10,000-க்கு மேற்பட்ட ஓட்டைகளைக் கண்டு அடைக்க அது உதவியிருக்கிறது.

கண்டுபிடிப்பதில் இவ்வளவு முன்னேறியும் நாம் ஏன் அடிபடுகிறோம்? 2024 ஜூலை இறுதியில் கூட்டுறவு வங்கிகளுக்கும் கிராம வங்கிகளுக்கும் தொழில்நுட்பச் சேவை தரும் சி-எட்ஜ் நிறுவனம், கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்கும் ரான்சம்வேர் தாக்குதலுக்கு உள்ளானது. தேசியப் பணப்பரிவர்த்தனைக் கழகம் அதன் இணைப்பைத் துண்டிக்க, நாடெங்கும் சுமார் 300 சிறு வங்கிகளின் வாடிக்கையாளர்கள் யுபிஐ போன்ற சேவைகளை இழந்தார்கள். மறுநாள் இணைப்பு திரும்பியது. இந்தியப் பாதுகாப்பு நிறுவனமான கிளவுட்செக் ஆராய்ந்து சொன்னது: சேவைச் சங்கிலியில் இருந்த வேறொரு நிறுவனத்தில், மென்பொருள் தயாரிப்புக்கான ஜென்கின்ஸ் என்ற கருவி ஓடிய சர்வர் வழியாக நுழைந்திருக்கிறார்கள். ஜென்கின்ஸில் இருந்த அந்த ஓட்டைக்கான திருத்தம் 2024 ஜனவரியிலேயே வந்துவிட்டது. ஆறு மாதம்!

எங்கள் பக்கத்தில் மழை விட்டதும் பந்தலுக்குள் நுழைந்து திராட்சை இலையைத் திருப்பிப் பார்ப்பார்கள், அடியில் வெள்ளை பூத்திருக்கிறதா என்று. மருந்து கடையில் இருப்பதால் அடிச்சாம்பல் நோய் நிற்காது. ஒருவர் அடிக்காமல் விட்ட தோட்டத்திலிருந்து காற்று பக்கத்துத் தோட்டத்துக்கும் அதைக் கொண்டுபோகும். மென்பொருள் திருத்தமும் அப்படித்தான்.

திருத்தம் வெளியான நாளிலிருந்து ஆபத்து கூடவும் செய்கிறது. பழைய பதிப்பையும் புதியதையும் ஒப்பிட்டால் எது மாற்றப்பட்டது, ஓட்டை எங்கே இருந்தது என்பது ஹேக்கருக்கு விளங்கிவிடும். அந்த ஒப்பீட்டையும் இப்போது இயந்திரமே செய்கிறது. எனவே கண்டுபிடிப்பதோடு அடைப்பதும் தானாக நடக்க வேண்டும். 2025 ஆகஸ்டில் அமெரிக்காவின் பாதுகாப்பு ஆராய்ச்சி அமைப்பான டார்பா நடத்திய இறுதிப்போட்டியில் ஏஐ இயந்திரங்கள், போட்டிக்காகப் பதுக்கி வைத்த ஓட்டைகளில் 54-ஐக் கண்டுபிடித்து, 43-ஐத் தாமே அடைத்தன. யாரும் வைக்காத 18 உண்மையான ஓட்டைகளும் சிக்கின.

ஆனால் எந்த இயந்திரமும், அப்டேட்டை நிறுத்தி வைத்திருக்கும் கம்ப்யூட்டருக்குள் திருத்தத்தைக் கொண்டு சேர்க்காது. சின்ன ஊர்க் கூட்டுறவுச் சங்கங்களில் கம்ப்யூட்டர் வாங்கினால் மட்டும் போதாது, பராமரிக்கவும் பணம் ஒதுக்க வேண்டும். வாசகர் தம் போனில் 'தானாக அப்டேட்' என்பதை இயக்கி வைக்கட்டும். அவர் உறுப்பினராக இருக்கும் சங்கத்தின் பேரவைக் கூட்டத்தில் ஒரு கேள்வியும் கேட்கட்டும்: அலுவலகக் கம்ப்யூட்டரில் இருப்பது எந்த விண்டோஸ்? விண்டோஸ் 10-க்கு வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-இல் முடிந்துவிட்டது. நீட்டிப்புக்குத் தனியே பதிவு செய்யாத கம்ப்யூட்டருக்கு இனிப் பாதுகாப்புத் திருத்தம் வராது.