பெட்டிக்கு மணி தெரியவில்லை, மோட்டார் எரிந்தது

ராஜபாளையத்துக்கு மேற்கே மலையடிவாரத்தில் நம்ம தோட்டம். சப்பட்டை மாங்கன்றுகள் நட்டு மூன்று வருசம் ஆகுது. மூடாக்கு, ஜீவாமிர்தம் எல்லாம் நல்லபடியா நடக்குது. தொல்லை தண்ணீர் பாய்ச்சுறதுல மட்டும்தான். விடியுமுன்னே இருட்டுல மோட்டார் ரூமுக்குப் போகணும். வழியில பாம்பு, பன்றி. ஸ்ரீவில்லிபுத்தூர் மேகமலை புலிகள் காப்பகம் பக்கத்துலயே இருக்கறதால சில நாள் யானையும் நிக்கும்.

கிருஷ்ணன்கோவிலில் படிக்கிற அக்கா மகன்தான் வழி சொன்னான். "மாமா, வைஃபை உள்ள இஎஸ்பி32 போர்டு ஒன்று போதும். காலை 5 மணிக்கு மோட்டாரைப் போட்டு, ஆறரைக்கு அது பாட்டுக்கு நிறுத்தும்." செய்தும் கொடுத்தான். சிம் போட்ட ரவுட்டர் வழியா பெட்டி இணையத்துல மணி கேட்டுக்கும். மறுநாள் 5 மணிக்குத் தண்ணீர் வரலை. பத்தரை வெயில்ல வந்தது.

காரணம் எளிது. இணைய நேர சர்வர்கள் சொல்றது உலகப் பொது நேரம். நம்ம நேரம் அதைவிட ஐந்தரை மணி முன்னால ஓடுது. அந்த வித்தியாசத்தைப் பெட்டிக்கு வினாடிக் கணக்கில், 19800 என்று, நாமதான் எழுதிக் கொடுக்கணும். அவன் அந்த இடத்தில் பூஜ்யம் போட்டிருந்தான். கோடைக்கு ஒன்று, குளிருக்கு ஒன்று என்று மணியை மாற்றுகிற வழக்கம் நம்ம நாட்டில் இல்லை. அதனால் அடுத்த இடத்தில் பூஜ்யம்தான் சரி.

இந்தியாவுக்கான பொது சர்வர் தொகுப்பு இன்.பூல்.என்டிபி.ஆர்க். புது தில்லியில் அணுக் கடிகாரம் வைத்து இந்திய நேரத்தைக் காக்கிற தேசிய இயற்பியல் ஆய்வகத்துக்கும் ஒரு சர்வர் உண்டு: டைம்.என்பிஎல்இந்தியா.ஆர்க். இரண்டையும் எழுதி வைத்தால் ஒன்று பதில் சொல்லாதபோது மற்றது உதவும். மணிக்கு ஒரு தரம் கேட்டால் தாராளம். அது பொதுக் குழாய் மாதிரி. நிமிசத்துக்கு நிமிசம் கேட்டு அவர்களைத் தொந்தரவு செய்ய வேண்டாம்.

இதோடு முடிஞ்சதுன்னு நினைச்சேன். ஒரு மத்தியானம் கரண்டு போய் வந்தது. அன்றைக்கு டவரும் இல்லை. தோட்டத்துக்குள்ள நுழையும்போதே மோட்டார் சத்தம், அதுவும் தண்ணீர் இல்லாத சத்தம். காலையிலயே இறைச்ச கிணறு. ஓடி அணைக்கிறதுக்குள்ள காயில் வாடை வந்துருச்சு.

இரண்டு நாள் உட்கார்ந்து பார்த்த பிறகுதான் புரிஞ்சுது. கரண்டு போனால் அந்தப் போர்டுக்கு மணி மறந்துடும். திரும்ப உயிர் வரும்போது அதன் கணக்கு 1970 ஜனவரி 1, பூஜ்ய மணியிலிருந்து தொடங்குது. அதோடு நம்ம ஐந்தரையைக் கூட்டினால் காலை ஐந்தரை! நான் வைத்த பாசன நேரம் 5 முதல் ஆறரை. ஆக, டவர் கிடைக்காத ஒவ்வொரு தடவையும் கரண்டு வந்ததும் அதுக்கு விடிகாலைதான். உடனே மோட்டாரைப் போடும், ஒரு மணி நேரம் ஓட்டும். நடுவில கரண்டு போய் வந்தால் மறுபடி ஐந்தரை, மறுபடி ஒரு மணி நேரம். ரீவைண்டிங் செலவு என் தலையில. பையனைத் திட்ட மனசு வரலை. நானும்தானே யோசிக்கலை.

இப்போ செய்திருப்பது இதுதான். வருசம் 2024க்குக் குறைவாகக் காட்டினால் மோட்டாரைத் தொடவே கூடாது என்று ஒரு வரி சேர்த்தோம். டிஎஸ்3231 என்ற சின்னக் கடிகார போர்டையும் இணைத்தோம். கரண்டும் டவரும் இல்லாவிட்டாலும் பட்டன் செல்லில் அது ஓடும். பிசகினாலும் வருசத்துக்கு ஒரு நிமிசம் போலத்தான். இணையம் கிடைக்கும்போது பெட்டி மணி கேட்டு அதைத் திருத்தி வைக்குது. வாங்கும்போது ஒன்று கவனிங்க: மலிவு போர்டுகள் சிலவற்றில் செல்லுக்குச் சார்ஜ் ஏற்றும் இணைப்பு இருக்கும். அதில் சாதாரண சிஆர்2032 போட்டால் செல் உப்பிக் கெடும். சார்ஜ் ஏறக்கூடிய எல்ஐஆர்2032 போடணும், இல்லேன்னா அந்த இணைப்பை எடுத்துடணும். அப்புறம், மணி சரியா இருந்தாலும் கிணறு வத்தும். ட்ரை ரன் பாதுகாப்பை ஸ்டார்ட்டரில் தனியா வைங்க.

புதுசா பெட்டி வைக்கிறவர்கள் மோட்டாரை இணைக்குமுன் ஒரு சோதனை செய்யணும். மோட்டாருக்குப் பதிலா ஒரு பல்பை மாட்டி, ரவுட்டரை அணைச்சிட்டு, மத்தியானம் மெயினை மூன்று தடவை அணைத்துப் போடுங்க. பல்பு எரிஞ்சா பெட்டியைக் கழற்றிப் பையனிடம் கொடுத்துடுங்க.