இணையத்திற்கும் ஒரு தண்ணீர் முறை

மேற்காணிக்காரர் மடையை முழுதாகத் திறந்தால் கடைசிக் காணி காயும் என்பது கமக்காரர் எவருக்கும் தெரிந்ததே. ஒரே இணைய இணைப்பைப் பலர் பகிரும் பொது நிலையங்களிலும் இதுவே நடக்கிறது. ஒருவர் திரைப்படம் இறக்கத் தொடங்கியதும் பக்கத்துப் பிள்ளையின் பாடம் தடைப்படுகிறது. வெளிநாட்டிலுள்ள மகனின் குரல் விட்டுவிட்டுக் கேட்கிறது. 2020 இல் பாடசாலைகள் மூடப்பட்டபோது, இது பிள்ளைகளின் படிப்பையே பாதிக்கும் விடயமாயிற்று.

இங்கே வட்டவிதானையாரின் வேலையைச் செய்யக்கூடியது ரவுட்டர். பழைய கணனி ஒன்றில் இரண்டு வலையமைப்பு அட்டைகளைப் பொருத்தி, இலவசமாகக் கிடைக்கும் லினக்ஸை நிறுவினால் அதுவே ரவுட்டராகும். பங்கீட்டுக்கு உதவுவது அதிலுள்ள 'டீசீ' என்ற கட்டளை.

1. எவரும் பாவிக்காத நேரத்தில் இறக்க வேகத்தையும் ஏற்ற வேகத்தையும் தனித்தனியே அளந்து குறியுங்கள்.

2. 10 மெகாபிற் கிடைத்தால் எல்லையை 9 ஆக வையுங்கள். முழுவதையும் திறந்தால் நெரிசல் கம்பனியின் கருவியில் சேரும். அங்கே நமது சொல் செல்லாது. சற்றுக் குறைத்தால் வரிசை நமது ரவுட்டரில் நிற்கும்.

3. டீசீ, அட்டையை விட்டு வெளியேறும் தரவையே வரிசைப்படுத்தும். ஆகவே இறக்கத்துக்கான எல்லையை உட்புற அட்டையிலும், ஏற்றத்துக்கானதை வெளிப்புற அட்டையிலும் இடுங்கள்.

4. 2002 முதல் லினக்ஸில் உள்ள 'எச்டீபீ' முறையால் பங்கிடுங்கள். உதாரணமாக, குரலுக்கு 1, பாடங்களுக்கு 5, ஏனையவற்றுக்கு 3. ஒருவர் பாவிக்காத பங்கை மற்றவர் 9 வரை கடனாகப் பெறலாம். உரியவர் வந்ததும் விட்டுக்கொடுக்க வேண்டும்.

5. இது சிக்கலாகத் தோன்றினால், 2018 இல் லினக்ஸில் சேர்க்கப்பட்ட 'கேக்' முறையைப் பாவியுங்கள். மொத்த எல்லையைக் கொடுத்து, கணனிகளுக்கிடையே சமமாகப் பங்கிடும்படி அமைக்கலாம். பத்து இறக்கங்களை ஒன்றாகத் தொடங்குபவருக்கும் ஒரு பங்குதான்.

கணனியை நிறுத்தி மீண்டும் இயக்கினால் டீசீ கட்டளைகள் அழிந்துவிடும். தொடக்கத்தில் தானே ஓடும் கோப்பொன்றில் அவற்றை எழுதி வையுங்கள்.

குளத்தில் இல்லாத நீரை வட்டவிதானையாரால் கொண்டுவர முடியாது, ரவுட்டரும் அவ்வாறே. யாருக்கு முதலிடம் என்பதையும் அது தீர்மானிக்காது. அதைப் பாவனையாளர்கள் கூடி முடிவெடுத்து, எல்லோரும் பார்க்கச் சுவரில் ஒட்டுங்கள். ரவுட்டரில் இடும் எண்கள் அந்த முடிவின்படியே இருக்கட்டும்.