சொல்லக் கூசும் நோய்

பெண்களுடைய நோய்களைப் பற்றியே நாம் அண்மையில்தான் பேசப் பழகியிருக்கிறோம். ஆண்களின் மறைவிட நோய்களைப் பற்றி எவரும் வாய் திறப்பதில்லை. பதுளை, பசறை, ஹாலி எல தோட்டங்களில் சுகாதாரத் தொண்டராக லயங்களுக்குப் போய்வரும் எனக்கு அந்த மௌனத்தின் விலை தெரியும்.

2009க்குப் பின் வன்னியிலிருந்து உறவினரிடம் வந்து சேர்ந்த சகோதரி ஒருவர், "ஒரு வருசமா என் வீட்டுக்காரர் பக்கத்துலயே வர்றதில்லக்கா. வேற யாரோ இருக்காங்கன்னு நெனச்சேன்" என்று அழுதார். கணவருக்கோ ஆணுறுப்பின் முன்தோலில் வெண்படை, வெடிப்பு, அரிப்பு. பால்வினை நோயென்று பயந்து, கடையில் கிடைத்த களிம்புகளையெல்லாம் பூசியிருந்தார். பதுளைப் பெரியாஸ்பத்திரிக்கு அனுப்பினோம். நோயின் பெயர் 'லைக்கன் ஸ்கிளிரோசஸ்'. இது தொற்றாது; உடலுறவால் வருவதுமல்ல. பெண்களுக்கும் வரும்.

சிகிச்சை என்ன?

முதல் மருந்து, வைத்தியர் சொல்லும் அளவில் பூசும் வீரியமான ஸ்டீரொயிட் களிம்பு. முன்தோல் இறுகிவிட்டால் அதை அகற்றுவார்கள். அது சமயச் சடங்கல்ல, வைத்தியம். பலருக்கு அதோடு நோய் தீர்கிறது.

இவற்றுக்கும் அடங்காத சிலருக்கே லேசர். இதற்குப் பயன்படும் காபனீரொட்சைட்டு லேசரை 1964இல் அமெரிக்காவில் உருவாக்கியவர் இந்தியாவில் பிறந்த குமார் பட்டேல். அதன் கதிரைத் தோலிலுள்ள நீர் உறிஞ்சிக்கொள்வதால், நோயுற்ற மேற்படை மட்டும் மெல்லியதாக ஆவியாகிறது. விறைப்பு மருந்து கொடுத்தே செய்வார்கள். புண் ஆறச் சில வாரங்களாகும். நோய் திரும்பவும் வரலாம். ஆகவே லேசர் என்றதும் நகையை அடகு வைக்க ஓடாதீர்கள். அது தேவைதானா என்று அரசாங்க வைத்தியசாலைத் தோல்நோய் நிபுணரிடம் முதலில் கேளுங்கள்.

நாம் கவனிக்க வேண்டியவை

• சவர்க்காரம், கிருமிநாசினி போடாமல் வெறும் நீரால் கழுவி, ஈரம் துடைக்கச் சொல்லுங்கள்.
• அடிக்கடி சிவந்து அரித்தால் சீனி நோய்க்கும் இரத்தம் சோதிக்க வேண்டும்.
• ஆறாத புண், கட்டி இருந்தால் தாமதிக்கக்கூடாது. இந்நோய் நாட்பட்டால் சிலருக்குப் புற்றுநோயாக மாறலாம். சிறுநீர் அடைத்தால் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

போரில் கணவரை இழந்து தனியாகப் பிள்ளை வளர்க்கும் தாய்மாரே, தகப்பன் இல்லாத பையன் இதை உங்களிடம் சொல்லக் கூசுவான். சின்னப் பிள்ளைக்கு முன்தோல் பின்வாங்காதிருப்பது இயல்பு, இழுக்க வேண்டாம். ஆனால் முன்பு பின்வாங்கிய தோல் வெளுத்து இறுகினால் வைத்தியரிடம் காட்டுங்கள். "வெட்கப்படாமல் சொல்லு மகன்" என்று நீங்களே முதலில் கேட்டுவிடுங்கள்.