அப்பாவைக் குளிப்பாட்ட வேன் வரும்!

"மாப்ளே... எனக்கு நாற்பது வயசு ஆயிடுச்சுடா!"

டோக்கியோவிலிருந்து போன். திருவல்லிக்கேணி மேன்ஷனில் என்னோடு ஒரே ரூமில் காலம் தள்ளிய நண்பன். இப்போது அங்கே கம்ப்யூட்டர் கம்பெனியில் உத்தியோகம். நம்மவர்கள் நிறையப் பேர் குடியிருக்கும் நிஷி கசாய் பகுதியில் ஜாகை.

"ஹேப்பி பர்த்டே! கேக் வெட்டினியா?" என்றேன்.

"நான் எங்கே வெட்டறது? என் சம்பளத்தை வெட்டிட்டாங்க!"

சம்பளப் பட்டியலில் புதிதாக ஒரு பிடித்தம். பதறியடித்துக்கொண்டு அக்கவுன்ட்ஸுக்கு ஓடியிருக்கிறான். அங்கிருந்த பெண்மணி பொறுமையாக விளக்கினாராம். நாற்பது வயது ஆனால் எல்லோருக்கும் பிடிப்பார்கள். வெளிநாட்டுக்காரர் என்றாலும், அங்கேயே தங்கி வேலை பார்த்தால் தப்ப முடியாது. வயதானவர்களைக் கவனித்துக்கொள்ள அரசாங்கம் நடத்தும் இன்ஷூரன்ஸ் அது. பெயர் 'கைகோ ஹோக்கென்'.

"எவரோ ஒரு ஜப்பான் பாட்டிக்கு நான் எதுக்குடா காசு கட்டணும்?" என்று பொருமிவிட்டு போனை வைத்தான்.

அடுத்த வாரம் மறுபடி போன். இந்தத் தடவை குரல் வேறு மாதிரி இருந்தது.

"அந்தப் பாட்டியைப் பார்த்துட்டேன்டா. என் கட்டடத்துலயே கீழ் வீடு!"

தொட்டி வந்த கதை

காலையில் வாசலில் ஒரு வேன் வந்து நின்றிருக்கிறது. மூன்று பேர் இறங்கினார்கள். அதில் ஒருவர் நர்ஸ். மற்ற இருவரும் இரண்டு துண்டாக ஒரு குளியல் தொட்டியைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனார்கள். பாட்டியின் கட்டிலுக்குப் பக்கத்திலேயே அதைப் பொருத்தி, ஹோஸ் பைப் மாட்டி வெந்நீர் நிரப்பினார்கள். நர்ஸ் பி.பி. பார்த்து 'சரி' என்றதும், படுத்த படுக்கையாக இருந்த பாட்டியை அலுங்காமல் தூக்கித் தொட்டியில் இறக்கி, தலைக்குத் தேய்த்து, துடைத்து, உடை மாற்றித் திரும்பப் படுக்க வைத்தார்கள். மொத்தம் முக்கால் மணி நேரம். தொட்டியைக் கழற்றி வேனில் ஏற்றினார்கள். போயே போய்விட்டார்கள்!

பாட்டி தன் பங்குக்குக் கொடுத்தது ஆயிரத்துச் சொச்சம் யென். (ஒரு யென் என்பது நம்ம காசில் சுமார் அறுபது பைசா என்று வைத்துக்கொள்ளுங்கள்.) செலவில் அது பத்தில் ஒரு பங்குதான். மீதி ஒன்பது பங்கு இன்ஷூரன்ஸ்.

"பாட்டி குளிச்சுட்டு ஜன்னல் வழியா என்னைப் பார்த்துச் சிரிச்சாங்கடா. 'சரி, பிடிச்சா பிடிச்சுட்டுப் போகட்டும்'னு தோணிடுச்சு" என்றான்.

அன்றைக்கு ராத்திரி எனக்குத்தான் தூக்கம் வரவில்லை. காரணம் மன்னார்குடி.

அண்ணி இருக்காங்களே!

மன்னார்குடியில் என் அப்பா இருக்கிறார். வயது 79. இரண்டு வருஷம் முன்னால் பாத்ரூமில் வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பு முறிந்தது. ஆபரேஷன் ஆச்சு. ஆனாலும் பழைய நடை திரும்பவில்லை. "சென்னைக்கு வந்துடுங்கப்பா" என்றால், "இந்த வீட்டை விட்டு நாலு பேர் தூக்கிட்டுப் போனாத்தான் உண்டு" என்பார். ஹோம் என்ற பேச்சை எடுத்தாலே சாப்பாட்டுத் தட்டு நகர்ந்துவிடும்.

அவரை அண்ணன் குடும்பம்தான் பார்த்துக்கொள்கிறது. 'அண்ணன் குடும்பம்' என்று கௌரவமாகச் சொல்கிறேனே தவிர, பார்த்துக்கொள்வது அண்ணி. பன்னிரண்டு வருஷம் கணக்கு டீச்சராக இருந்தவர், அப்பா விழுந்த மாதமே வேலையை விட்டார். விடச் சொல்லி யாரும் சொல்லவில்லை. விட வேண்டாம் என்றும் யாரும் சொல்லவில்லை. சென்னையில் யாராவது "அப்பா எப்படி இருக்கார்?" என்று கேட்டால், நான் சட்டென்று சொல்லும் பதில்: "அண்ணி இருக்காங்களே!"

ஜப்பானிலும் இதே கதைதான் நடந்துகொண்டிருந்தது. மாமனார், மாமியாரைப் பார்த்துக்கொள்வது மூத்த மருமகள் பொறுப்பு. எழுதாத சட்டம். 1972-ல் அரியோஷி சவாகோ என்ற பெண் எழுத்தாளர் இதை வைத்து ஒரு நாவல் எழுதினார். ஆபீசுக்கும் போய்க்கொண்டு, நினைவு தப்பிப்போன மாமனாரையும் தனியாளாகச் சமாளிக்கும் ஒரு மருமகளின் கதை. கணவன்? 'பார்க்கவே பயமாயிருக்கு' என்று ஒதுங்கிவிடுகிற ரகம். புத்தகம் பத்து லட்சத்துக்கு மேல் விற்றது. அத்தனை வீட்டிலும் அது சொந்தக் கதை!

அடுத்த வருஷம், 1973-ல், எழுபது வயது தாண்டியவர்களுக்கு அரசு வைத்தியத்தை இலவசமாக்கியது. விளைவு வேடிக்கையானது. வீட்டில் பார்க்க ஆளில்லாத பெரியவர்களெல்லாம் ஆஸ்பத்திரியில் போய்ப் படுத்துவிட்டார்கள். வியாதி குணமான பிறகும் கட்டில் காலியாகவில்லை. வீட்டில் இருக்க ஆசைப்பட்டவர் ஆஸ்பத்திரியில் இருந்தார். அதற்கு அரசாங்கம் வீட்டுச் செலவைவிட அதிகமாகச் செலவழித்தது.

இருபத்தைந்து வருஷம் யோசித்து, 1997 டிசம்பரில் சட்டம் போட்டார்கள். 2000 ஏப்ரல் 1-ல் திட்டம் அமலுக்கு வந்தது.

சும்மா வந்துவிடவில்லை. ஆளுங்கட்சியின் பெரிய தலைகளில் ஒருவரான கமேய் ஷிசுகா, 'பெற்றவர்களைப் பிள்ளைகள் பார்ப்பது நம் நாட்டின் அழகான பண்பாடு, அது கெட்டுவிடும்' என்று 1999-ல் கொடி பிடித்தார். அந்தக் கலாட்டாவில், முதியவர்களிடம் பிரீமியம் வசூலிப்பதை முதல் ஆறு மாதம் நிறுத்தி வைத்தார்கள். 'அழகான பண்பாடு' யார் முதுகில் ஏறி உட்கார்ந்திருக்கிறது என்று பெண்கள் திருப்பிக் கேட்டார்கள். ஹிகுச்சி கெய்கோ என்பவர் தலைமையில் 1983 முதலே ஒரு பெண்கள் சங்கம் இதற்காகக் குரல் கொடுத்துவந்தது.

இன்னொரு சண்டையும் நடந்தது. ஜெர்மனியில் 1995-ல் வந்த இதே மாதிரி திட்டத்தில், பெரியவரைப் பார்த்துக்கொள்ளும் குடும்பத்துக்குப் பணமாகவும் தருகிறார்கள். 'நமக்கும் அப்படியே கொடுத்துவிடலாமே' என்றார்கள் சிலர். பெண்கள் சங்கத்தார் கூடாது என்றார்கள். பணத்தைக் கையில் கொடுத்தால், 'அதான் காசு வருதில்ல?' என்று சொல்லி மருமகளை மறுபடி அடுப்படியிலேயே உட்கார வைத்துவிடுவார்கள். பணம் வேண்டாம், ஆளை அனுப்புங்கள் என்றார்கள். ஜப்பான் ஆளை அனுப்புவது என்று முடிவு செய்தது.

பணம் எங்கேருந்து வருது?

நான் பி.காம். எந்த நல்ல காரியத்தைப் பார்த்தாலும் முதலில் இந்தக் கேள்விதான் வாயில் வரும்.

உபயோகிப்பவர் கட்டும் பங்கு போக, மீதிச் செலவில் பாதி வரிப் பணம். மத்திய அரசு, மாநிலம் மாதிரியான பிரிவு, நகராட்சி மூன்றும் பங்கு போட்டுக்கொள்கின்றன. மீதிப் பாதி பிரீமியம். 65 வயது தாண்டியவர்களுக்குப் பென்ஷனிலேயே பிடித்துக்கொள்வார்கள். நாற்பதிலிருந்து 64 வரை மெடிக்கல் இன்ஷூரன்ஸோடு சேர்த்து வசூல். கம்பெனி ஊழியர் என்றால் சம்பளத்தில் சுமார் 1.6 சதவீதம். அதிலும் பாதி முதலாளி தலையில். உபயோகிப்பவர் செலவில் பத்து சதவீதம் கட்டவேண்டும். வசதியுள்ளவர் என்றால் இருபது, முப்பது.

நம்ம பாஷையில் சொன்னால், முப்பதாயிரம் சம்பளக்காரருக்கு மாதம் 240 ரூபாய். டீ, போண்டா செலவு!

சரி, யாருக்கு எவ்வளவு என்று எப்படி முடிவு செய்வது? அதற்கு ஒரு பரீட்சை உண்டு. நகராட்சியிலிருந்து ஆள் வீட்டுக்கு வந்து 74 விஷயங்களைச் சோதிப்பார். படுக்கையில் தானாகப் புரண்டு படுக்க முடிகிறதா? ஒற்றைக் காலில் நிற்க முடிகிறதா? கால் நகம் வெட்டிக்கொள்வாரா? பிறந்த தேதி சொல்வாரா? இப்போது என்ன பருவம் என்று தெரிகிறதா? இதைக் கம்ப்யூட்டரில் போட்டு, டாக்டர் குறிப்போடு ஒரு குழு பார்த்து, ஏழு படிகளில் ஒன்றில் சேர்ப்பார்கள். ஆகக் கீழ்ப்படிக்கு மாதம் சுமார் 50,000 யென் மதிப்புள்ள உதவி. ஆக மேல்படிக்கு 3,62,000 யென். அதாவது நம்ம காசில் இரண்டு லட்சத்துக்கு மேல்!

இதில் ஒரு தமாஷ். மாதக்கணக்கில் எழுந்திருக்காத தாத்தா, 'ஆபீசர் வந்திருக்கார்' என்றதும் வைராக்கியமாக எழுந்து நின்று சல்யூட் வைப்பாராம். மார்க் போச்சு! எங்கப்பாவும் அதே ஜாதிதான். டாக்டர் வந்தால் மட்டும் முதுகு நிமிரும்.

படி முடிவானதும் ஒரு கேர் மேனேஜர் வந்து டைம்டேபிள் போடுவார். திங்கள்கிழமை வீட்டு வேலை உதவியாளர், புதன்கிழமை குளியல் வேன், வெள்ளிக்கிழமை பகல் நேர மையம். மையத்துக்கு அழைத்துப்போக வாசலுக்கே வண்டி வரும். கட்டில், சக்கர நாற்காலி வாடகைக்குக் கிடைக்கும். பாத்ரூமில் பிடிகம்பி வைப்பது போன்ற வேலைகளுக்கு இரண்டு லட்சம் யென் வரை கணக்கில் சேரும். (எங்கள் வீட்டில் ஒரு பிடிகம்பி இருந்திருந்தால்!)

ஆனால் உதவியாளரை 'வேலைக்காரி' என்று நினைத்துவிடக் கூடாது. பெரியவருக்குக் கஞ்சி வைப்பார். அதே வீட்டில் இருக்கும் பிள்ளைக்குச் சமைக்கமாட்டார். தோட்டத்தில் களை பிடுங்குவது, கார் கழுவுவது, நாயை வாக்கிங் கூட்டிப்போவது எதுவும் கிடையாது. நாய்க்குத் தனி இன்ஷூரன்ஸ்தான் பார்க்கவேண்டும்!

எல்லாம் சௌக்கியமா?

இல்லை. இப்போது அந்த நாட்டில் பத்துப் பேரில் மூன்று பேர் 65 வயது தாண்டியவர்கள். நூறு வயது தாண்டியவர்கள் 1963-ல் 153 பேர். 2025-ல் 99,763 பேர்! திட்டத்தில் உதவிக்குத் தகுதி பெற்றவர்கள் 2000-ல் இருபத்திரண்டு லட்சம் பேர். இப்போது எழுபது லட்சத்தை ஒட்டி. முதியவர் கட்டும் மாதப் பிரீமியம் சராசரியாக 2,911 யென்னில் ஆரம்பித்தது. 2024-ல் 6,225 யென்.

பணத்தைவிடப் பெரிய பஞ்சம், ஆள் பஞ்சம். 2022-ல் வீட்டு உதவியாளர் வேலை கேட்டு வந்த ஒவ்வொருவருக்கும் பதினைந்து காலியிடம் காத்திருந்தது. 2025 ஏப்ரலிலிருந்து வெளிநாட்டுத் தொழிலாளர்களும் வீடுகளுக்குப் போய் இந்த வேலை பார்க்க வழி திறந்திருக்கிறார்கள். இத்தனைக்கும் பிறகு, 2022-ல் எடுத்த கணக்குப்படி, வீட்டுப் பெரியவர்களைப் பார்க்க ஒரே வருஷத்தில் வேலையை விட்டவர்கள் ஒரு லட்சத்துக்கு மேல். நாலில் மூன்று பேர் பெண்கள். மருமகள் முதுகிலிருந்த பாரம் குறைந்ததே தவிர, இறங்கிவிடவில்லை.

நமக்கும் ஒரு சட்டம் உண்டு. 2007-ல் வந்தது. பெற்றோரைப் பராமரிப்பது பிள்ளைகள் கடமை, கைவிட்டால் மூன்று மாதம் வரை சிறை என்கிறது. நல்ல சட்டம்தான். கைவிடுகிற பிள்ளையை அது பிடிக்கும். கைவிடாமல் ராப்பகலாகப் பார்த்துக்கொள்கிற மருமகளுக்கு? தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' மூலம் அப்பாவுக்கு பி.பி. மாத்திரை வீட்டுக்கே வந்தது. பிசியோதெரபியும் வந்தது. அந்தப் பெண்கள் வாசலில் செருப்பை விடும்போதே அப்பாவுக்கு முகம் மலரும். ஆனால் தினமும் குளிப்பாட்டி, துணி மாற்றுவது அவர்கள் வேலை இல்லையே!

ஜப்பான் மாதிரி எல்லோரிடமும் பிடிக்கலாம் என்றால், நம்மில் பாதிப் பேருக்கு மேல் சம்பளப் பட்டியலே கிடையாது. அதுவும் தெரியும். ஆனால் சம்பளப் பட்டியல் உள்ள நாமாவது, '240 ரூபாய் கொடுக்கத் தயார்' என்று என்றைக்காவது சொல்லியிருக்கிறோமா? 'அண்ணி இருக்காங்களே' என்று சொல்ல காசே ஆகாது. அதனால்தான் அதையே சொல்லிக்கொண்டிருக்கிறோம்.

போன மாதம் ஊருக்குப் போயிருந்தேன். அண்ணியிடம் குளியல் வேன் கதையைச் சொன்னேன். முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டே கேட்டார். கடைசியில் ஒரே ஒரு சந்தேகம்.

"அவங்க எவ்வளவு நேரம் இருப்பாங்க தம்பி?"

"முக்கால் மணி நேரம் அண்ணி."

"போதும். அந்த முக்கால் மணி நேரம் நான் தூங்குவேன்."

மறுநாள் காலை அப்பாவை நான் குளிப்பாட்டினேன். வேனும் தொட்டியும் இல்லாததால் ஒன்றரை மணி நேரம் ஆச்சு. இடுப்பு பிடித்துக்கொண்டது. அண்ணி எழுந்து வந்தபோது மணி ஒன்பது.

துண்டைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்த அப்பா மெதுவாகச் சொன்னார்:

"உங்க அண்ணி ஊத்தினா தண்ணி பதமா இருக்கும்டா. நீ என்னை அவிச்சே எடுத்துட்டே!"