சிறுதொழில் பாதை – 9: ஏஜென்ட் கையில் சரக்கு, நம் தலையில் பொறுப்பு

காசிமேட்டைத் தாண்டி எண்ணூர் விரைவுச் சாலையில் போகிறவர்களுக்கு டிரெய்லர் வரிசை பழகிப்போன காட்சி. சென்னைத் துறைமுகத்தின் ஜீரோ கேட்டுக்குள் நுழையக் காத்திருக்கும் அந்தப் பெட்டிகளில் எத்தனையோ பேருடைய பணம் முடங்கிக் கிடக்கிறது. பெரிய கம்பெனி என்றால் சரக்கைக் கவனிக்கத் தனி இலாகாவே வைத்திருக்கும். ராயபுரத்தில் பத்து ஆட்களோடு பட்டறை நடத்துகிறவருக்கு இருப்பது ஒரு ஏஜென்ட்டின் போன் நம்பர் மட்டும்தான்.

ஏஜென்ட்டிடம் விடுவதில் தப்பே இல்லை. இருபது அடி கன்டெய்னரின் கொள்ளளவு ஏறக்குறைய 33 கன மீட்டர். நம் பட்டறைக்காரரிடம் இருப்பதோ நாலு கன மீட்டர் சரக்கு. முழுப் பெட்டி எடுத்தால் அவருக்குக் கட்டுப்படியாகாது. ஃபார்வர்டர் எனப்படும் சரக்கு ஏஜென்ட் இன்னும் சிலருடைய சரக்கையும் சேர்த்து ஒரே பெட்டியில் ஏற்றுவதால்தான் சின்ன ஆளாலும் ஏற்றுமதி செய்ய முடிகிறது. இது பெரிய உதவி, சந்தேகமில்லை.

ஆனால் பலர் வேலையைக் கொடுக்கும்போதே பொறுப்பையும் கொடுத்துவிட்டதாக நினைத்துக்கொள்கிறார்கள். சட்டம் அப்படிச் சொல்லவில்லை. 1962-ஆம் ஆண்டின் சுங்கச் சட்டம், 147-ஆவது பிரிவு: ஏஜென்ட் செய்வது, மாறாக நிரூபிக்கப்படாத வரை, உரிமையாளருக்குத் தெரிந்து அவர் சம்மதத்தோடு செய்ததாகவே கொள்ளப்படும்; அவரே செய்தது போல அவரும் பொறுப்பாவார். இறக்குமதி என்றால், கப்பல் வருவதற்கு முந்தைய நாளுக்குள் பில் ஆஃப் என்ட்ரி (இறக்குமதிக்கான சுங்கப் பத்திரம்) தாக்கலாக வேண்டும் என்பது 2021 முதல் பொது விதி. தாமதமானால் முதல் மூன்று நாள் தினம் 5,000 ரூபாய், அப்புறம் தினம் 10,000. ஏஜென்ட் ஊருக்குப் போயிருந்தாலும் பில் நம் பெயருக்குத்தான் வரும். சி.எஃப்.எஸ். எனும் கன்டெய்னர் கிடங்கின் வாடகையும், பெட்டியைத் தாமதமாகத் திருப்பினால் விழும் டிடென்ஷன் கட்டணமும் தனிக்கணக்கு. இலவச நாட்கள் எத்தனை என்பதை முன்கூட்டியே எழுத்தில் வாங்கிக்கொள்ளாதவர்கள்தான் இதில் அதிகம் அடிபடுகிறார்கள்.

உள்நாட்டு லாரி விஷயம் இன்னும் மோசம். புக்கிங் ஆபீஸில் கொடுக்கும் எல்.ஆர். (லாரி ரசீது) நகலைக் கையில் எடுத்துப் பாருங்கள். கார்பன் மங்கிய கட்டங்களில் ஊர் பெயர், உருப்படி எண்ணிக்கை, எடை, வாடகை எல்லாம் இருக்கும். மதிப்பு என்ற கட்டம் மட்டும் பெரும்பாலும் காலியாகவோ, பேருக்கு ஒரு கிறுக்கலாகவோ கிடக்கும். ‘ஓனர்ஸ் ரிஸ்க்’ என்ற முத்திரையும் குத்தியிருப்பார்கள்.

அந்தக் காலிக் கட்டத்துக்கு விலை உண்டு. 1865-ஆம் ஆண்டின் பழைய சட்டத்துக்குப் பதிலாக வந்த 2007-ஆம் ஆண்டின் சாலைவழிச் சரக்குச் சட்டமும் அதன் 2011 விதிகளும், சரக்கு தொலைந்தாலோ சேதமானாலோ லாரிக்காரரின் பொறுப்பைப் பொதுவாக வாடகையைப் போலப் பத்து மடங்கோடு நிறுத்திவிடுகின்றன. கூடுதல் ரிஸ்க் கட்டணம் கட்ட ஒப்புக்கொண்டிருந்தால்தான் அந்த வரம்பைத் தாண்ட முடியும். 80,000 ரூபாய் சரக்குக்கு 600 ரூபாய் வாடகை கொடுத்தவருக்கு 6,000 ரூபாய்! மிச்சத்தை எங்கே போய்க் கேட்பது?

அதே சட்டம் நமக்குச் சாதகமாகவும் ஒன்று சொல்கிறது. லாரிக்காரரின் கவனக்குறைவை நாம் நிரூபிக்க வேண்டியதில்லை. ஆனால் புக்கிங் தேதியிலிருந்து 180 நாட்களுக்குள் எழுத்து மூலம் நோட்டீஸ் போயிருக்க வேண்டும். ‘பார்த்துச் செய்றோம் சார்’ என்ற பேச்சை நம்பி ஆறு மாதத்தைக் கடத்தினால் வழக்குப் போடும் உரிமையே போய்விடும். லாரியில் போகும் சரக்குக்கும் மரைன் பாலிசி எனும் சரக்குக் காப்பீடு எடுக்கலாம் என்பது பல பேருக்குத் தெரிவதே இல்லை.

வாடகையில் ஐம்பது ரூபாய் குறைக்க அரை மணி நேரம் பேரம் பேசுகிறோம். அடுத்த முறை அதில் ஐந்து நிமிடம் ஒதுக்கி, மதிப்புக் கட்டத்தை உங்கள் முன்னாலேயே நிரப்பச் சொல்லுங்கள். கூடுதல் ரிஸ்க் கட்டணம் எவ்வளவு என்றும் கேளுங்கள். அதன் பிறகு லாரி கிளம்பட்டும்.